கரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்த நாள்

பத்து வருடங்களுக்கு முன்பு, இராமநாதபுரத்தில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்து இரண்டாவது வருடம் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. ஆங்கிலத்தில் நன்றாகக் கடிதம் எழுதுவேன் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயர் கொஞ்சம் தலைக்கும் ஏறியிருந்தது. அதனால்தான் இங்கிலாந்திலிருந்து வந்த அந்தக் கடிதத்தை எங்கள் அதிகாரி என் மேஜையில் கொண்டுவந்து போட்டார்.

எழுதியவர் ஒரு தாய். தையல் வேலை செய்து பிழைப்பவர். அவருடைய ஒரே மகன் யுத்தத்தின்போது குண்டு வீசும் விமானத்தில் வேலை பார்த்தவன். இலங்கையிலிருந்து புறப்பட்ட அவனுடைய விமானம் திரும்பவில்லை. அதே வாரத்தில் இன்னொரு விமானமும் திரும்பவில்லை. இரண்டுமே நான்கு இஞ்சின் வைத்த லிபரேட்டர்கள். ஒன்று இராமேஸ்வரத்துக்கு வடக்கே உள்ள கடலில் விழுந்தது என்று மட்டும் தெரியும். மற்றது போன இடமே தெரியாது. இங்கே விழுந்தது எது, காணாமல் போனது எது என்று அவருக்கு யாராலும் சொல்ல முடியவில்லை. யுத்தம் முடிந்த நாளிலிருந்து அவர் எழுதாத அலுவலகம் இல்லை.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது என்று அந்த அம்மாளே எழுதியிருந்தார். இரண்டும் லிபரேட்டர்தான் என்றாலும் வகை வேறு. மகன் போனது மூன்றாம் வகை. அதன் மூக்கு முழுவதும் கண்ணாடி, சட்டம் சட்டமாகக் கோத்தது. அந்தக் கண்ணாடி மூக்குக்குள் உட்கார்ந்துதான் அவன் குண்டு போட வேண்டும். மற்றது ஆறாம் வகை. அதன் மூக்கில் பீப்பாய் போல ஒரு கூண்டும், அதிலிருந்து நீட்டிக்கொண்டு இரண்டு துப்பாக்கிகளும் இருக்கும். இரண்டு மூக்குகளையும் பென்சிலால் வரைந்து அனுப்பியிருந்தார். விமானத்தின் ஏதாவது ஒரு துண்டு கிடைத்து, அதில் எண் ஏதாவது இருந்தால் அதை எழுதி அனுப்பினாலே போதும், வகையைச் சொல்லிவிடுவார்கள் என்றும் எழுதியிருந்தார். விமானத்தில் ஏறியே பார்த்திராத ஒரு பெண் இவ்வளவையும் தானாகப் படித்துத் தெரிந்துகொண்டிருக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அதிகாரி அனுமதி கொடுத்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரை ஊர்களாக விசாரிக்க ஆரம்பித்தேன். மூன்று வாரம் அலைந்தேன். தேவிபட்டினத்துக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில், டீக்கடையில் நான் விமானம் என்று ஆரம்பித்ததுமே எல்லோரும் சிரித்தார்கள். “அட, பிளேன் மூடியக் கேக்குறீகளா? பாய் வீட்ல இருக்கு. இங்கன எந்தக் கல்யாணத்துக்கும் அதத்தான் பிரியாணிச் சட்டிக்கு மூடுவோம்” என்றார் கடைக்காரர்.

பாய் என்று ஊரே கூப்பிட்ட அந்த மனிதருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். சங்கு குளிக்கும் காலத்தில் சங்கு குளிப்பார். மற்ற நாட்களில் மச்சானோடு சேர்ந்து மீன் பிடிப்பார். யுத்த காலத்தில் வலையில் சிக்கி வந்தது என்று அந்தத் தகட்டை எடுத்துவந்து காட்டினார். அலுமினியத் தகடு, ஒரு முறம் அகலம் இருக்கும். ஒரு பக்கம் புகை படிந்து கருத்திருந்தது. மறுபக்கம் ஓரத்தில் கறுப்புச் சாயத்தில் பொடிப் பொடியாக ஒரு எண்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கேதான் நான் பெரிய தவறு செய்தேன். அந்த எண்ணை உடனே ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டிருக்கலாம். சட்டைப்பையில் பேனா இருந்தது. ஆனால் எனக்குச் சட்டதிட்டம் முக்கியம். ஊர்க் கணக்கைப் பார்க்கும் கர்ணத்தைச் சாட்சியாக வைத்து, முறைப்படி எழுதிக் கையெழுத்து வாங்கித்தான் எதையும் கைப்பற்ற வேண்டும் என்று படித்திருந்தேன். “வியாழக்கிழமை கர்ணத்தோடு வருகிறேன். சீமைக்கு அனுப்பப் போகும் பொருள். அதுவரைக்கும் சுத்தமாகப் பத்திரமாக வைத்திருங்கள்” என்று அதிகாரமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை போனேன். பாய் அந்தத் தகட்டை வாசலுக்குக் கொண்டுவந்தபோது வெயில் பட்டு என் கண் கூசியது. புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய் நாரால் இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். புகை இல்லை, கறை இல்லை, சாயம் இல்லை, எண்ணும் இல்லை. முகம் பார்க்கலாம் போல இருந்தது.

நான் கத்திவிட்டேன். கர்ணமும் தெருவும் பார்த்துக்கொண்டிருக்க, என்ன காரியம் செய்தீர்கள், ஒரு தாயின் பத்து வருடக் காத்திருப்பை நாரால் தேய்த்துவிட்டீர்களே என்றெல்லாம் வாயில் வந்ததைப் பேசினேன். கதவுக்குப் பின்னாலிருந்து பாயின் மனைவியின் குரல் வந்தது.

“நீங்கதானே தம்பி சுத்தமா வைக்கச் சொன்னீக? சீமைக்குப் போற சாமான அழுக்கோடயா குடுக்குறது? நேத்துப் பூரா ஒக்காந்து தேச்சேன்.”

சொன்னது நான்தான். எண்ணைப் பார்த்ததும் நான்தான், எழுதிக்கொள்ளாததும் நான்தான். முதல் இலக்கம் நான்கா ஒன்பதா என்றுகூட எனக்கு நினைவில்லை. கர்ணம் பாவம், எதற்குக் கையெழுத்துப் போடுவது என்று தெரியாமல் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

“அப்படி அதுல என்னதான் இருந்துச்சு?” என்று பாய் கேட்டார். அதுவரை அவர்களிடம் நான் எதையுமே விளக்கிச் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பையிலிருந்து கடிதத்தை எடுத்து வரிக்கு வரி தமிழில் சொன்னேன். இரண்டு மூக்குகளின் படத்தையும் காட்டினேன். கதவுக்குப் பின்னால் விசும்பல் கேட்டது. “அந்தப் படத்த இங்கன குடுங்க தம்பி, பாத்துட்டுத் தாரேன்” என்று ஒரு கை நீண்டது. ரொம்ப நேரம் அந்தப் படம் திரும்பி வரவில்லை.

பாய் தரையைப் பார்த்தபடியே பேசினார். “அந்தப் பிளேன் கெடக்குற எடம் எனக்குத் தெரியும். நாலு பாகம், நாலு ஆள் ஒசரந்தான் ஆழம். வாடை அடங்கி, தண்ணி தெளியட்டும். நானே குளிச்சுப் போயி அது எந்த மூக்குன்னு தடவிப் பாத்துச் சொல்றேன்.”

மாசி பிறந்ததும் சொல்லி அனுப்பினார். விடிந்தும் விடியாததுமாகச் சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன். வாசற்படியில் ஒரு தட்டு இருந்தது. அதில் இடியாப்ப மாவைப் பிசைந்து செய்த இரண்டு விமான மூக்குகள்! ஒன்றில் விளக்குமாற்று ஈர்க்கை அழுத்தி அழுத்திக் கட்டம் கட்டமாகச் சட்டம் போட்டிருந்தது. மற்றதில் உருண்டையாக ஒரு குமிழ், அதில் குத்தி வைத்த இரண்டு ஈர்க்குகள். பாயின் மனைவி படத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு இத்தனை நாளும் மனத்தில் வைத்திருந்து செய்திருக்கிறார்.

“அடியில கலங்கலா இருக்கும், கண்ணு ஒதவாதுன்னு இவுக சொன்னாக. அதான் கைக்குப் பழக்கிவிட்டேன்” என்றது கதவுக்குப் பின்னாலிருந்து குரல். பாய் கண்ணை மூடிக்கொண்டு அந்த இரண்டையும் மாறி மாறித் தடவிப் பார்த்தார். நான் கத்திய வார்த்தைகளை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. கதவுப் பக்கம் திரும்பி, அதைப் பாயின் மனைவியிடம் சொன்னேன். “போயிட்டு வாங்க தம்பி, நல்ல சேதியா வரட்டும்” என்பதோடு அவர் முடித்துக்கொண்டார்.

வத்தை என்று அவர்கள் சொல்லும் சிறிய பாய்மரப் படகு. நான், பாய், அவருடைய மச்சான் மூன்று பேர்தான். நான் ஏறி உட்காரப் போனபோது பாய் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். “தப்பா எடுத்துக்கிடாதீக தம்பி. நீங்க கடலப் பாத்து ஒக்காரணும். கரைப் பக்கம் திரும்பவே கூடாது.”

விஷயம் இதுதான். கடலுக்கடியில் பாறையோ உடைந்த கப்பலோ எது கிடந்தாலும் அதில் மீன் வந்து அண்டும். அப்படி ஓர் இடம் கிடைத்தவர், கரையில் உள்ள இரண்டு அடையாளங்களை ஒன்றுக்கு நேராக ஒன்று வைத்து ஒரு கோடு, வேறு இரண்டை அதேபோல் வைத்து இன்னொரு கோடு பார்த்துக்கொள்வார். இரண்டு கோடும் சேரும் இடம்தான் அது. தன் படகில் வருகிறவரைத் தவிர, கூடப் பிறந்த அண்ணன் தம்பிக்குக்கூட அந்த அடையாளங்களைச் சொல்ல மாட்டார்கள். விமானம் விழுந்த நாளிலிருந்து இவர்கள் குடும்பம் பிழைப்பது அந்த இடத்தில் தூண்டில் போட்டுத்தான். வெளியே தெரிந்தால் நாற்பது படகு வந்து நிற்கும். பழைய இரும்பு வியாபாரி வந்து விமானத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விடுவான்.

சர்க்கார் உத்தியோகஸ்தனை வகுப்பில் தண்டனை வாங்கிய பையனைப் போலத் திருப்பி உட்காரவைக்கிறார்களே என்று முதலில் எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பேசாமல் கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் வெறும் தண்ணீரையும் வானத்தையும் பார்த்துக்கொண்டே போனேன். நடுவில் வயிற்றைப் புரட்டி, காலையில் சாப்பிட்டதெல்லாம் கடலுக்குப் போயிற்று. மச்சான் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் பின்னால் அவர்கள் இரண்டு பேரும் “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும்” என்று பேசிக்கொண்டார்கள். பிறகு நங்கூரமாக ஒரு கல்லைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள்.

பாய் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, காலில் ஒரு கல்லோடு உள்ளே போனார். முதல் தடவை வந்து, வால் இரண்டும் நட்டமாக நிற்கிறது, சிப்பி மூடிக் கிடக்கிறது என்றார். இரண்டாம் தடவை, உடம்பு நடுவில் ஒடிந்திருக்கிறது, முன்பக்கத்தைக் காணோம் என்றார். மூக்கு உடைந்து சேற்றில் புதைந்திருந்தால் வந்ததெல்லாம் வீண். மூன்றாவது, நான்காவது தடவையும் வெறுங்கையோடுதான் வந்தார். உதடு வெளுத்துவிட்டது. “இன்னைக்குப் போதும் மச்சான்” என்று மச்சான் கயிற்றை இழுத்தார். பாய் கேட்கவில்லை.

ஐந்தாவது தடவை போனவர் மேலே வந்தார். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு மெதுவாக, “இன்னா லில்லாஹி” என்று அவர்கள் மரணச் செய்தி கேட்டால் சொல்வதைச் சொன்னார். மச்சானும் அதையே சொன்னார். அதற்கப்புறம்தான் என்னிடம் பேசினார்.

“கட்டம் கட்டமா சட்டந்தான் தம்பி. ஈர்க்கு வச்சு அழுத்துன மாதிரியே இருக்கு. துப்பாக்கியும் இல்ல, கூண்டும் இல்ல. தனியா ஒடிஞ்சு அந்தாப் பக்கம் கெடக்கு. உள்ள கைய விட்டுப் பாத்தேன்.” படகின் விளிம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தார். “ஆள் இருக்கு.”

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. முகம் தெரியாத ஒருவனுக்காக நான் அழுதது அதுதான் முதல் தடவை. பாய் படகில் ஏறி, தலையைத் துடைக்காமலே உட்கார்ந்திருந்தார். “பிளேன்ல வந்தவுக குடை விரிச்சு எறங்கி, கப்பல்ல ஏறிப் போயிட்டாகன்னு அப்பச் சொன்னாங்க. இத்தன வருஷமும் மய்யித்துக்கு மேலயே தூண்டில் போட்டிருக்கேன். தெரியாமப் போச்சே தம்பி” என்றார்.

பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். “திரும்பி ஒக்காருங்க.”

“வேண்டாம் பாய். எந்த வகை என்று தெரிந்துவிட்டது. அது எனக்குப் போதும்” என்றேன்.

“ஒங்களுக்குப் போதும். பெத்த உம்மாவுக்குப் போதுமா? புள்ளையோட கபுரு எங்கன இருக்குன்னு தெரியாம அவுக எப்படிக் கண்ண மூடுவாக? திரும்புங்க தம்பி.”

மச்சானைப் பார்த்தேன். அவருக்கும் அந்த இடம்தான் சோறு. அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். நான் திரும்பினேன். பாய் ஈரக் கையை நீட்டி, எதற்கு நேராக எது, எதற்கு நேராக எது என்று நிதானமாகக் காட்டினார். என்னைத் திருப்பிச் சொல்லச் சொல்லிச் சரிபார்த்தார். அந்த அடையாளங்களை அந்தத் தாய் ஒருவருக்குத்தான் எழுதினேன். உங்களுக்கும் சொல்லப் போவதில்லை, மன்னிக்க வேண்டும்.

அலுவலகக் கோப்பில், மூன்றாம் வகை விமானம் என்பது உறுதி, ஆழ்கடலில் கிடக்கிறது, சரியான இடம் தெரியவில்லை என்று எழுதினேன். என் உத்தியோகத்தில் நான் எழுதிய ஒரே பொய் அதுதான். அதிகாரி கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். கையெழுத்தைப் போட்டார்.

அந்தத் தாய்க்குத் தனியாக எட்டுப் பக்கம் எழுதினேன். எண் அழிந்தது என் தவறு என்பதையும், இடியாப்ப மாவு மூக்கையும், ஐந்து தடவை மூழ்கிய மனிதரையும் பற்றி எழுதினேன். அந்த இடத்தில் அவர்கள் பத்து வருடமாக மீன் பிடித்து வந்ததையும் மறைக்கவில்லை. தேய்த்துப் பளபளத்த தகட்டையும் பார்சலில் அனுப்பினேன்.

பாய் அன்றைக்கே அங்கே போவதை நிறுத்திவிட்டார். தாயிடமிருந்து ஒரு வார்த்தை வராமல் அங்கே தூண்டில் இறக்குவது மரியாதை இல்லை என்றார். நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. அடுத்த மாதம் பார்க்கப் போனபோது வேறொருவர் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். வழக்கமாக எனக்கு மீன் ஆணம் என்று அவர்கள் சொல்லும் குழம்போடு சோறு போடும் வீட்டில் அன்றைக்கு வெறும் தேநீர்தான் வந்தது. ஒரு தாயின் துக்கத்தைத் தீர்க்கப் போய் ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைத்துவிட்டேனே என்று வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு மனசு அரித்தது. தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்பேன்.

சித்திரை பாதியில் பதில் வந்தது. பிரித்துப் படித்துவிட்டு, அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, நேரே பாய் வீட்டுக்குப் போனேன். மச்சானையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது. நான் தமிழில் சொன்னேன்.

தகட்டைச் சுவரில் மாட்டியிருப்பதாக அந்தத் தாய் எழுதியிருந்தார். அதை அப்படித் தேய்த்த பெண்மணியிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம், தன் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தால் தானும் அப்படித்தான் பாத்திரத்தைத் தேய்த்து வைத்திருப்பேன் என்று சொல்லச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு இப்படி எழுதியிருந்தார்:

“என் மகன் சின்ன வயதில் ஓர் அறையில் தனியாக இருக்கவே மாட்டான். நான் சமையலறையில் நடமாடுகிற சத்தம் கேட்டால்தான் தூங்குவான். இத்தனை வருடமும், ஆள் நடமாட்டமே இல்லாத ஏதோ ஓர் இடத்தில் தனியாகக் கிடக்கிறானே என்று நினைத்துத்தான் நான் அழுதேன். அவன் தலைக்கு மேலே தினமும் ஒரு படகு வந்து நிற்கும், அதில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தயவுசெய்து அவர்களை அங்கே போகச் சொல்லுங்கள். போவதை நிறுத்திவிட வேண்டாம்.”

நான் கடிதத்தை மடித்தேன். பாய் தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். கதவுக்குப் பின்னால் அவருடைய மனைவி வாய்விட்டே அழுதார். பிறகு பாய் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மச்சானைப் பார்த்தார்.

“ஏலே மச்சான், தூண்டில எடு. புள்ள தனியா இருக்கான்.”

அதற்குப் பிறகு எனக்கு இரண்டு ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டது. கல்யாணமாகிப் பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். அந்தத் தாய் இரண்டு வருடத்துக்கு முன்பு காலமானார் என்று அவருடைய அண்டை வீட்டார் எனக்கு எழுதினார்கள். கடைசிக் காலத்தில் மகனைப் பற்றி அழாமலே பேசினாராம். அவருக்கு அந்த நிம்மதியைக் கொடுத்தது சர்க்காரும் இல்லை, என் ஆங்கிலமும் இல்லை. காட்டிக் கொடுத்தால் தன் சோறு போய்விடும் என்று தெரிந்தும் என்னைத் திரும்பி உட்காரச் சொன்ன ஒரு மனிதர்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம், இந்த உலகத்தை நம்பிப் பிள்ளைகளை வெளியே அனுப்பலாம் என்ற தைரியம் எனக்கு வருகிறது.